ஹுப்ரிஸ்: செருக்கு என்னும் சொல்லின் மறுபக்கம்

மதியச் சாப்பாட்டு வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலைக்கு ஆறு மணிக்குத் திரும்பவேண்டும். பாரிஸில் றெஸ்ரோறன்ட் வேலை செய்யும் எம்மவர்களுக்கு இந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. புறநகரில் இருக்கும் அறைக்குப் போய்வர அது காணாது. தெருவில் நிற்பதற்கு அது மிகக் கூட. குளிர்காலங்களில் நாம் அந்த நேரத்தை நகரசபை நூலகம் ஒன்றில் கழித்து வந்தோம். அங்கே சூடு இருக்கும். எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டுவந்த எமக்கு, விட்ட இடத்திலிருந்து தொடர்வதான ஒரு பாவனையும் அதில் இருந்தது.

அந்த நூலகத்தில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை நாம் தேடிப்போனதற்கு ஒரு சம்பவம் காரணம். எம்மோடு கோப்பை கழுவிய ஓர் அண்ணர் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஒருநாள் இரவு, வேலை நெரிசலான நேரத்தில், சமையற்காரன் ஒருவன் தரை துடைக்கும் ஈரத்துணியைச் சுருட்டி அவருடைய முகத்தில் எறிந்தான். குசினியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வேலை முடிந்து கடைசி மெற்றோவுக்கு நடக்கையில் அண்ணர் சொன்னார்: "நோகேல்லைத் தம்பி. துணிதானே. சிரிச்சாங்கள் பார், அதுதான்."

அவர் வேதக்காரர். மெற்றோவில் தமது தமிழ் வேதாகமத்தை எடுத்து, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தைக் காட்டினார். தமக்கு நேர்ந்தவற்றைப் பவுல் அடுக்கிச் சொல்லும் இடம் அது. அதில் 'நிந்தைகள்' என்ற சொல்லின் கீழ் அண்ணர் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

மறுநாள் நூலகத்தில், வரிகளுக்கிடையே பிரெஞ்சுப் பொருள் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பு ஒன்றில் அந்த இடத்தைத் தேடினோம். அங்கே இருந்த சொல் 'ஹுப்ரிஸ்'. எமக்கு அது திகைப்பைத் தந்தது. கிரேக்க நாடகம் பற்றிய விரிவுரையில், 'ஹுப்ரிஸ்' என்றால் செருக்கு, மனிதன் தன் எல்லையை மீறித் தெய்வங்களுக்குச் சமமாக நிமிர்வது என்று எழுதிக்கொண்ட ஞாபகம் இருந்தது. செருக்கு என்பது ஒருவன் கொள்வது. பவுலோ அதைத் தான் பட்டதாகச் சொல்கிறார். செருக்கை ஒருவன் எப்படிப் படமுடியும்? இந்தக் கேள்வியின் பின்னால் பல குளிர்கால மாலைகள் போயின. அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

சேவல்போலக் கூவியவன்

ஏதென்ஸ் நகரத்தில் 'ஹுப்ரிஸ்' என்பது முதலில் ஒரு குற்றத்தின் பெயர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அதற்கென்று தனிச் சட்டமும் வழக்கு முறையும் இருந்தன. பாதிக்கப்பட்டவன்தான் என்றில்லை, எந்தக் குடிமகனும் அந்த வழக்கைத் தொடுக்கலாம். தண்டனையை நீதிமன்றமே தீர்மானிக்கும், மரணதண்டனைகூட விதிக்கலாம். பிள்ளைகள், பெண்கள் மட்டுமன்றி அடிமைகள்மீது செய்யப்படும் ஹுப்ரிஸும் இச்சட்டத்துக்குள் அடங்கியது. அடிமை தானாக வழக்குப் போடமுடியாது என்பது வேறு விடயம்.

இந்தக் குற்றம் எது என்பதை அரிஸ்ரோட்டில் தமது சொல்லாட்சிக்கலை நூலில் விளக்குகிறார். மற்றவனுக்கு வெட்கம் உண்டாகும்படி ஒன்றைச் செய்வது அல்லது சொல்வது; அதையும் ஏதாவது இலாபத்துக்காகவோ பழிக்குப் பழியாகவோ அல்லாமல், அதில் கிடைக்கும் இன்பத்துக்காக மட்டும் செய்வது. மற்றவனை இழிவுபடுத்தும்போது தான் உயர்ந்துவிட்டதாக ஒருவன் உணர்கிறான். இன்பம் அங்கிருந்துதான் வருகிறது என்பது அவருடைய கருத்து. இளைஞரும் செல்வந்தருமே இதில் கூடுதலாக ஈடுபடுகிறார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

கி.மு. 348இல் டயோனீசியத் திருவிழாவின்போது, மெய்தியாஸ் என்ற பணக்காரன், பேச்சாளர் டெமொஸ்தனீஸின் முகத்தில் எல்லோரும் பார்த்திருக்கக் குத்தினான். அதுபற்றி டெமொஸ்தனீஸ் தயாரித்த உரை இன்றும் இருக்கிறது. வலி பெரிதல்ல, அடித்தவன் நின்ற நிலையும் பார்த்த பார்வையும் குரலுமே மனிதனைக் கொதிக்கச் செய்கின்றன, அவற்றை நீதிபதிகளுக்குச் சொற்களால் காட்டமுடியாது என்பது அதில் வரும் வாதம். பிற்பாடு அவர் முப்பது மினா பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டார் என்று அவருடைய எதிரி எய்ஸ்கினீஸ் குற்றஞ்சாட்டினார். டெமொஸ்தனீஸ் இன்னொருவருக்காக எழுதிக்கொடுத்த உரையில் இதைவிடத் தெளிவான காட்சி உண்டு. அரிஸ்டோன் என்ற இளைஞனைச் சேற்றில் போட்டு மிதித்தபின், கோனோன் என்பவன் முழங்கைகளைச் சிறகுபோல விலாவில் அடித்து, சண்டையில் வென்ற சேவலைப்போலக் கூவினான். கோனோனுடைய ஹுப்ரிஸுக்கு அத்தாட்சியாக அரிஸ்டோன் நீதிமன்றத்தில் சொன்னது அந்தக் கூவலைத்தான்.

இதை வாசித்தபோது அண்ணருடைய வார்த்தை நினைவுக்கு வந்தது. ஹுப்ரிஸ் என்பதைத் தெய்வங்களுக்கெதிரான அகங்காரம் என்று மட்டும் விளக்குவது போதாது, அது மனிதனுக்கு மனிதன் செய்யும் மானபங்கம் என்பதை என். ஆர். ஈ. பிஷர் 1992இல் வெளியிட்ட விரிவான நூலில் வாதிட்டிருக்கிறார். செருக்கு மனதுக்குள் இருக்கும். ஆனால் அந்தச் சொல் குறிப்பது மற்றவன்மேல் வந்து விழுந்த அடியை.

அலெக்சாந்திரியாவின் மொழிபெயர்ப்பாளர்

இச்சொல் வேதாகமத்துக்குள் வந்தது புலம்பெயர்ந்தோர் வழியாகத்தான். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்களின் பிள்ளைகளுக்கு எபிரேயம் விளங்காமற் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய வீட்டு மொழியும் கடை மொழியும் கிரேக்கமே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மோசேயின் ஐந்து நூல்களும், அதன்பின் ஏனையவையும் கிரேக்கத்துக்கு வந்தன. எழுபத்திரண்டு மூப்பர்கள் கூடி மொழிபெயர்த்தார்கள் என்ற கதையால் அதற்கு 'எழுபதின்மர்' பெயர்ப்பு என்று பெயர்.

எபிரேயத்தில் 'காஓன்' என்று ஒரு சொல் உண்டு. எழுதல், உயர்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது. கடவுளுடைய மகத்துவத்துக்கும் அதுதான். மனிதனுடைய அகங்காரத்துக்கும் அதுதான். 'யாக்கோபின் காஓன்' என்ற ஒரே தொடர் வெவ்வேறு இடங்களில் வருகிறது. 47ஆம் சங்கீதத்தில் அது கடவுள் தம் மக்களுக்குத் தெரிந்தளித்த நாடு. ஆமோஸ் நூலின் 6ஆம் அதிகாரத்தில் அது கடவுள் அருவருக்கும் ஒன்று. மொழிபெயர்ப்பாளர்கள் சங்கீதத்தில் அதை 'யாக்கோபின் அழகு' என்று ஆக்கினார்கள். ஆமோஸில் 'யாக்கோபின் ஹுப்ரிஸ்' என்று ஆக்கினார்கள்.

ஆமோஸ் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலின் செல்வந்தரை நோக்கிப் பேசியவர். ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறார்கள், தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆட்டுக்குட்டி தின்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கி.மு. 722 அளவில் அசீரியரிடம் சமாரியா வீழ்ந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் தமது மூதாதையரின் பெருமைக்கு 'ஹுப்ரிஸ்' என்ற சொல்லைப் போட்டபோது, அது ஏழைமேல் செய்யப்பட்ட கொடுமை என்று அறிந்தே போட்டார்கள் என்று எமக்குத் தோன்றுகிறது. நாட்டை விட்டு வெளியே இருந்த ஒரு சமூகம் தன் நாட்டின் பெருமையை ஓரிடத்தில் அழகு என்றும் இன்னோரிடத்தில் கொடுமை என்றும் பிரித்து எழுதியது. இதைச் சிறிய காரியமாக நாம் எண்ணவில்லை.

ஒரே வரியில் மூவர்

ஏறக்குறைய கி.பி. 57இல் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் முதலாம் அதிகாரத்தில் தீமைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள்: ஹுப்ரிஸ்தேஸ், ஹுப்பெரேபானோஸ், அலாட்சோன். மூவரையும் 'செருக்கர்' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் கிரேக்கம் கேட்டவர்களுக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

ஹுப்ரிஸ்தேஸ் கைநீட்டி இழிவுபடுத்துபவன். ஹுப்பெரேபானோஸ் கைநீட்டுவதில்லை, மற்றவர்களுக்கு மேலாகத் தன்னைக் காண்பவன். அரிஸ்ரோட்டிலின் மாணவர் தியோபிராஸ்ரஸ் எழுதிய 'குணச்சித்திரங்கள்' என்ற நூலில் இவனை வரைந்திருக்கிறார். இவன் தெருவில் எவரோடும் பேசாமல் குனிந்து போவான். முதலில் வணக்கம் சொல்லமாட்டான். நண்பர்களுக்கு விருந்து வைத்தால், தான் அவர்களோடு அமர்ந்து உண்ணாமல், கவனிக்கச் சொல்லித் தன் கீழுள்ள ஒருவனை ஏவிவிடுவான்.

அலாட்சோன் இன்னொரு வகை. இவனிடம் எதுவும் இல்லை, இருப்பதாகச் சொல்கிறான். தியோபிராஸ்ரஸின் அலாட்சோன் துறைமுகத்தில் நின்று, கடல் வாணிபத்தில் தான் போட்டிருக்கும் பெருந்தொகையைப் பற்றி அந்நியரிடம் அளப்பான். வங்கியில் ஒன்றும் இல்லாதபோதும் பையனை அங்கே அனுப்புவான். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இது பரம்பரை வீடு, விருந்தாளிகளுக்கு இடம் போதாததால் விற்கப்போகிறேன் என்பான். யாக்கோபு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், நாளை இன்ன பட்டினத்துக்குப் போவோம், ஒரு வருடம் இருப்போம், உழைப்போம் என்று திட்டம் போடும் வியாபாரிகளின் பேச்சுக்குக் கிடைத்த பெயரும் இதுதான்: அலாட்சோனெயா. நாளை என்பது கையில் இல்லாதவன் அதைத் தன் சொத்துப்போலப் பேசுவது.

இந்த இடத்தில் நாம் புத்தகத்தை மூடிவைத்தோம். ஊரில் எங்களுக்கு எத்தனை பரப்புக் காணி இருந்தது, எத்தனை பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று லா சப்பல் தெருக்களில் நாம் கதைத்த கதைகள், ஊருக்குத் தொலைபேசியில் இங்குள்ள வேலையைப் பற்றிச் சொன்ன கதைகள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

கொரிந்துவின் சாப்பாட்டு மேசை

பவுலின் கடிதங்களில் செருக்கைப் பற்றிய பேச்சு கொரிந்துவைச் சுற்றியே அதிகம் எழுகிறது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கி.மு. 146இல் ரோமர் பழைய கொரிந்துவை அழித்தார்கள். கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். குடியேற வந்தவர்களில் பெரும்பகுதியினர் விடுவிக்கப்பட்ட அடிமைகள். இரண்டு துறைமுகங்களுக்கு இடையில் இருந்ததால் நகரம் விரைவில் பணம் பார்த்தது. பரம்பரைப் பெருமை இல்லாதவர்களின் நகரம் கல்லிலே பெயர் பொறித்துப் பெருமை தேடியது. அங்கே பாபியுஸ் பிலினுஸ் என்பவர் நாட்டிய நினைவுச்சின்னம் கிடைத்திருக்கிறது. தன் செலவில் கட்டியதாகவும், நகர அதிகாரி என்ற முறையில் தானே அதை அங்கீகரித்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை. அதனால் அவர் விடுதலையான அடிமையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

பவுல் கி.பி. 50 அளவில் அங்கே போனார். அங்கு அவர் தங்கியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற யூதத் தம்பதியரின் வீட்டில். கிலவுதியு மன்னன் யூதரை ரோமிலிருந்து வெளியேற்றியதால் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மூவரும் கூடாரம் செய்யும் தொழிலாளர். கைத்தொழிலைப் பற்றி மேட்டுக்குடியினர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு, கொரிந்து மீண்டும் நிறுவப்பட்ட அதே கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள்' நூல் சாட்சி. கூலிவேலை எல்லாம் இழிவு என்கிறார் அவர். அதிலும் கடைசியாக அவர் வைக்கும் தொழிலாளருள் மீன் விற்பவர், இறைச்சி வெட்டுபவரோடு சமையற்காரரும் இருக்கிறார்கள்.

கொரிந்தியருக்குப் பவுல் எடுத்த சொல் 'புசியோ'. துருத்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; காற்றடைத்து ஊதுதல். புதிய ஏற்பாட்டில் இது வரும் ஏழு இடங்களில் ஆறு கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கின்றன. அறிவு ஊதவைக்கும், அன்பு கட்டியெழுப்பும் என்பது அவருடைய வாதம். இந்த ஊதல் எங்கே வெளிப்பட்டது? சாப்பாட்டு மேசையில். கர்த்தருடைய பந்திக்கென்று கூடியபோது சிலர் முன்னதாகவே உண்டு குடித்து வெறித்திருக்க, மற்றவர்கள் பசித்திருந்தார்கள் என்று 11ஆம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்கிறார். தங்கள் நேரத்துக்குத் தாங்களே எசமானர்களாக இருந்தவர்கள் முந்தி வந்திருப்பார்கள், கூலிக்காரரும் அடிமைகளும் வேலை முடித்துப் பிந்தி வந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். வேலை முடித்துப் பிந்திப் போய், மிஞ்சியதைச் சாப்பிடுவது எப்படியென்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்பதே பவுலின் கேள்வி. அந்த வெட்கப்படுத்தலுக்குத்தான் ஏதென்ஸ் ஹுப்ரிஸ் என்று பெயரிட்டிருந்தது.

கூடையில் இறங்கியவர்

பவுலுக்குத் தற்பெருமை தெரியாதென்று சொல்லமுடியாது. 'கௌகேசிஸ்', அதாவது மேன்மைபாராட்டல் என்ற சொற்குடும்பம் புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் அவருடைய கடிதங்களிலேயே வருகிறது. கொரிந்துவில் போட்டிப் போதகர்கள் தங்கள் தகுதிப் பத்திரங்களைக் காட்டியபோது, அவரும் ஒரு பட்டியல் கொடுத்தார். ஐந்து முறை முப்பத்தொன்பது அடி, மூன்று முறை தடியடி, ஒருமுறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம். கடைசியில், தமஸ்குவில் காவலுக்குத் தப்பி, மதிலின் சாளரம் வழியாகக் கூடையில் இறக்கப்பட்டு ஓடிய கதை. எதிரி நகரத்தின் மதிலில் முதலில் ஏறும் வீரனுக்கு ரோமர் மதில்முடி என்ற பொன்முடியைச் சூட்டுவார்கள். பவுல் தாம் மதிலிலிருந்து இறங்கி ஓடியதை வைத்து மேன்மைபாராட்டுகிறார் என்று ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

அகதி விண்ணப்பம் எழுதியவர்களுக்கு இந்தப் பட்டியலின் தொனி பழக்கமானது. திகதி, இடம், எத்தனை அடி, எந்த வழியால் தப்பினாய். எங்கள் காயங்களே எங்கள் தகுதிப் பத்திரமாக இருந்தன. நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் சிலவேளை ஒன்றைக் கூட்டியும் எழுதினோம். அந்தப் பயத்தை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பட்ட அடிக்கும் கூட்டிச் சொன்ன அடிக்கும் இடையில் உள்ள தூரம், கௌகேசிஸுக்கும் அலாட்சோனெயாவுக்கும் இடையில் உள்ள தூரம்.

இந்தப் பட்டியலை முடிக்கும்போதுதான் பவுல் ஹுப்ரிஸ் என்ற சொல்லைத் தமக்கு நேர்ந்ததாகச் சொல்கிறார். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. மற்ற இரண்டும் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், கைதியாகப் பவுல் போன கப்பலைக் கடல் படுத்திய பாட்டைக் குறிக்கின்றன. மூன்று இடத்திலும் ஹுப்ரிஸ் படுபவனுடைய சொல்லே. ஒரே ஒரு இடத்தில், பவுலின் பெயரில் உள்ள தீமோத்தேயுவுக்கான முதல் கடிதத்தில், அவர் தம்மையே 'ஹுப்ரிஸ்தேஸ்' என்று சொல்லிக்கொள்கிறார். சபையைத் துன்புறுத்திய பழைய நாட்களைப் பற்றிய வாக்குமூலம் அது. அடிபட்டவனும் அடித்தவனும் ஒரே மனிதன்.

எமது சொற்கள்

எமது பழைய தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த ஒரே சொற்குடும்பம் பல இடங்களில் பலவாகப் பிரிந்து நிற்கிறது. கொரிந்தியரில் நிந்தை, கப்பற் கதையில் வருத்தம், தீமோத்தேயுவில் கொடுமைசெய்கிறவன். அலாட்சோனெயா யாக்கோபில் வீம்பு. யோவானின் கடிதத்தில் வெறும் பெருமை. இதில் மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல எமக்குத் தகுதியில்லை. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறியதிலிருந்து, யாழ்ப்பாணத்தில் சைவரான ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு உழைத்து 1850இல் வெளிவந்த பெயர்ப்பு வரை, ஒவ்வொருவரும் இந்தச் சொற்களோடு போராடியிருப்பார்கள்.

சிக்கல் எமது மொழியின் வளத்திலும் இருக்கிறது. திருக்குறளில் 'மானம்' என்ற அதிகாரத்தை அடுத்து வருவது 'பெருமை', அது நற்குணம். நாவலரின் சைவ மரபில் 'ஆணவம்' என்பது உயிரைப் பற்றிய மலம். 'அணு' என்ற சொல்லிலிருந்து வந்தது, உயிரை அணுவளவாகச் சிறுமைப்படுத்துவது. ஆழமான சிந்தனைதான். ஆனால் ஆணவம் கொண்டவனின் உயிரைப் பற்றியே அது பேசுகிறது. அவனால் முகத்தில் ஈரத்துணி வாங்கியவனுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. கிரேக்கச் சொல்லில் அவனுக்கு இடம் உண்டு.

தாழ்மை என்ற சொல்லையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். 'தபெய்னோஸ்' என்றால் கிரேக்கர்களுக்குத் தாழ்ந்தவன், அடிமைத்தனமானவன், பெரும்பாலும் வசைச்சொல். லூக்கா எழுதிய மரியாளின் பாடலில் ஹுப்பெரேபானோஸ் சிதறடிக்கப்படுகிறான், தபெய்னோஸ் தூக்கிவிடப்படுகிறான். தாழ்மையைப் பிற்காலத்தில் பலர் தாழ்த்தப்பட்டவர்களுக்கே போதித்தார்கள். அந்தப் பாடலிலோ, கீழே கிடப்பவன் எழும்புகிறான்.

அண்ணரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். கவனமாகக் கேட்டார். "அப்ப பவுலுக்கும் எனக்கும் ஒரே சொல்" என்று சிரித்தார். அதற்குச் சில கிழமைகளின் பின் குசினிக்குப் புதிதாக ஒரு பொடியன் வந்தான். ஊரில் எங்கே என்று அண்ணர் கேட்டார். ஊரைச் சொன்னான். எந்தக் குறிச்சி என்று கேட்டார். அதையும் சொன்னான். அதன்பின் அண்ணர் அவனோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசற் படியில் போய் இருந்தார். பொடியனுக்கு விளங்கியது. எமக்கும் விளங்கியது. நாம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணர் எமது நண்பர் என்பது ஒரு காரணம். அந்தக் கேள்வியை நாமும் பலரிடம் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறோம் என்பது மற்றக் காரணம்.

இன்னொன்றையும் எழுதிவிடவேண்டும். ஈரத்துணி முகத்தில் விழுந்த இரவில் குசினியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள் என்று தொடக்கத்தில் எழுதினோம். அந்த எல்லோரிலும் நாமும் இருந்தோம். சமையற்காரன் எம்மைப் பார்த்தபோது, அடுத்த துணி எமக்கு வராதிருக்கவேண்டுமென்று நாமும் பல்லைக் காட்டினோம். அண்ணர் மெற்றோவுக்கு நடக்கையில் 'சிரிச்சாங்கள்' என்றபோது எம்மைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்தப் பொடியனோடு இப்போது நாம் சாப்பிடுகிறோம். அண்ணர் இன்னும் படியில் இருக்கிறார். அவருக்கும் தட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறோம்.